நோபல் பரிசும் ஓரணாக் கூலியும்

(மாணவர்களுக்கும் அலுவலர்களுக்குமான உரையின் எழுத்து வடிவம்)

பல்கலைக்கழகத் துறைகளின் ஆண்டறிக்கைகளில் விருதுகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குவது நெடுநாளைய வழக்கம். உயிரியல், மருத்துவம் ஆகிய துறைகளில் அப்பக்கம் சற்று நீண்டே காணப்படும். அதனைத் தயாரிக்கும் பேராசிரியரும், மானியம் வழங்குமுன் அதைப் படித்துப் பார்க்கும் அலுவலரும் ஒருமுறை ஐதராபாத்திலுள்ள பேகம்பேட்டுக்குச் சென்று வருவது நலம். அங்கே உஸ்மானியா பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சார்ந்த பழைய கட்டிடம் ஒன்று, சர் ரொனால்டு ராஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1918-இல் தோன்றிய பல்கலைக்கழகம், 1902-ஆம் ஆண்டின் நோபல் பரிசைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள இயலாது. ஆயினும், ஒரு பரிசு எவ்வாறு உருவாகிறது என்பதற்கான சாட்சியம் அதன் வசம் இருக்கிறது.

ராஸ் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த இராணுவ மருத்துவர். 1857-இல் அல்மோராவில் பிறந்தவர். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்கிறதா என்பதே அவர் விடை தேடிய வினா. இலண்டனிலிருந்த பாட்ரிக் மான்சன் கடிதங்கள் வாயிலாக அவருக்கு வழிகாட்டி வந்தார். 1897 ஆகஸ்டு மாதம் செகந்திராபாத்தில் வெப்பம் கடுமையாக இருந்தது. அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் பங்காவைப் பயன்படுத்த இயலவில்லை. நெற்றி வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின. ஹுசைன் கான் என்னும் மலேரியா நோயாளி, கொசுக்கள் தம்மைக் கடிக்க உடன்பட்டார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. ஆகஸ்டு 20-ஆம் நாள், அவ்வாறு இரத்தம் குடித்த புள்ளிச் சிறகுக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட உயிரணுக்களை ராஸ் கண்டார். மலேரியாக் கிருமிக்கே உரிய துகள்கள் அவை. அந்நாளே இன்று உலகக் கொசு நாளாக அறியப்படுகிறது.

இதன்பின் நிகழ்ந்ததை அலுவலர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அடுத்த மாதமே ராஸுக்கு இடமாற்ற ஆணை வந்தது. அவர் இராஜபுதனத்தின் கேர்வாராவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு மனித மலேரியாவை ஆராய வாய்ப்பில்லை. மான்சன் முயன்று பரிந்துரைத்த பின்னரே, 1898-இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆய்வுக்கெனத் தனிப்பணி கிடைத்தது. அப்பொழுதோ பிளேக் தடுப்பூசி பற்றிய அச்சத்தால் மக்கள் விரலில் ஊசி குத்தவும் மறுத்தனர். எனவே அவர் பறவை மலேரியாவுக்குத் திரும்பி, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து பரவும் முறையை அவ்வாண்டு ஜூலையில் நிறுவினார். மனித மலேரியாவில் அச்சுழற்சியை முழுமையாகக் காட்டியவர்கள் கிராஸியும் அவருடைய இத்தாலியத் தோழர்களுமே. யார் முதல்வர் என்னும் பூசல் இருவருக்கும் இடையே கசப்புடன் நெடுங்காலம் நீடித்தது. பொருளியல் நோக்கில், பரிசு என்பது முடிந்துவிட்ட உழைப்புக்குத் தரும் விலை. வேளையறியாத இடமாற்றமோ நடந்துகொண்டிருக்கும் உழைப்பின்மீது சுமத்தப்படும் வரி. இவ்வரியை எந்தத் துறையின் ஆண்டறிக்கையும் கணக்கிடுவதில்லை!

1902-இல் மருத்துவ நோபல் பரிசு ராஸ் ஒருவருக்கே வழங்கப்பட்டது. கிராஸிக்கும் மான்சனுக்கும் அது கிட்டவில்லை. கல்கத்தாவில் கொசு பிடித்துத் தந்து உதவிய முகமது பக்ஸையோ, செகந்திராபாத்தின் ஹுசைன் கானையோ எந்தப் பரிசுக்குழுவும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. ராஸ் தம் எழுத்துக்களில் பெயர் குறித்து வைத்தமையாலேயே அவர்கள் இன்று அறியப்படுகின்றனர். இதனை ராஸின் நேர்மைக்குச் சான்றாகவே கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான முறையும் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. சீனா 1967-இல் மலேரியா மருந்து காண '523' என்னும் இரகசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. பல நிறுவனங்களின் அறிவியலாளர்கள் அதில் உழைத்தனர். ஆர்ட்டிமிசினின் பற்றிய கட்டுரை 1977-இல் தனியாள் பெயர் எதுவுமின்றிக் குழுவின் பெயரில் வெளிவந்தது. பின்னர், 2015-ஆம் ஆண்டு நோபல் பரிசின் ஒரு பாதி அத்திட்டத்தில் தூ யூயூ ஒருவருக்கு வழங்கப்பட்டபொழுது, மற்றவர்களின் பங்கு என்ன என்ற விவாதம் எழுந்தது. யார் எதைச் செய்தார் என்பதை உரிய காலத்தில் எழுதி வைக்காவிடில், பிற்காலத்தில் அதனைப் பிரித்தறிவது கடினம். மருத்துவ நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது என்பதும் கருதத்தக்கது.

இந்தியாவில் 1958 முதல் வழங்கப்பட்டுவந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு, 45 வயதுக்குட்பட்ட தனி அறிவியலாளருக்கு உரியதாக இருந்தது. 2023-இல் அறிவிக்கப்பட்ட இராஷ்டிரிய விஞ்ஞான் புரஸ்காரில் பட்நாகர் பெயர் இளைஞர் பிரிவுக்குச் சூட்டப்பட்டதுடன், குழுவினர்க்கென்றும் ஒரு விருது சேர்க்கப்பட்டது. 2024-இல் முதல் குழு விருது சந்திரயான்-3 குழுவினரைச் சேர்ந்தது. முதல் விஞ்ஞான் ரத்னா விருதைப் பெற்றவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற உயிர்வேதியியலாளர் கோவிந்தராஜன் பத்மநாபன். ஹீமோகுளோபின் நிறைந்த சிவப்பணுவுக்குள் வாழ்ந்தும், மலேரியாக் கிருமி தனக்கு வேண்டிய ஹீம் மூலக்கூறைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்பதைக் கண்டறிந்தது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் நடத்திய ஆய்வுக்குழுவே. செகந்திராபாத்தில் காணப்பட்ட அதே கிருமிதான்.

விண்கலம் ஒன்றைத் தனி ஒருவர் செலுத்தவில்லை என்பது எவருக்கும் புலனாகும். ஆய்வுக்கூடத்தில் கொசு வளர்ப்பவர், இரத்த மாதிரி சேகரிப்பவர், ஆராய்ச்சி மாணவர் ஆகியோரின் பங்கு அவ்வளவு எளிதில் புலனாவதில்லை. ஆண்டறிக்கையின் அப்பக்கத்தில் விருது பெற்றவர் பெயருக்கு எதிரே இன்னொரு பத்தி சேர்த்து, உடன் உழைத்தோரின் பெயரையும் பணியையும் குறிப்பதற்கு எந்த ஒப்புதலும் தேவையில்லை. துறைத்தலைவர் கையெழுத்திடும் முன் அதை எழுதிவிடலாம்.