உதைபந்தாட்ட வீரர் புரூஸ் ஸ்லொஸ்

அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்திலே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு புதுவகை உதைபந்தாட்டம் தோன்றியது. மைதானமும் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம், ஓர் அணிக்குப் பதினெட்டுப் பேர். இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் நிற்கும். நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் ஆறு புள்ளிகள். நடுக்கம்பத்துக்கும் ஓரக்கம்பத்துக்கும் இடையே சென்றால் ஒரேயொரு புள்ளி. மெல்பேண் நகர மக்களின் உயிரோடு ஒன்றிய இவ்வாட்டம் பிறநாடுகளில் அதிகம் பரவவில்லை. ஆதலால் அதன் வீரர்களின் புகழும் கடல் கடந்து செல்வது அரிது. அத்தகைய வீரருள் ஒருவர் புரூஸ் ஸ்லொஸ்.

1889 இல் பிறந்த ஸ்லொஸ், எசென்டன் கழகத்தில் ஆடத் தொடங்கி, 1910 இல் தென் மெல்பேண் கழகத்துக்காகக் களம் இறங்கினார். முதலாம் உலகப் போர் மூண்ட அடுத்த மாதம், 1914 செப்டெம்பரில், அக்கழகம் இறுதிப்போட்டியில் கார்ல்டன் கழகத்தை எதிர்த்தது. கம்பங்களுக்கு இடையே தென் மெல்பேண் 19 முறை பந்தைச் செலுத்தியது. கார்ல்டன் 15 முறையே செலுத்தியது. ஆயினும் தென் மெல்பேணின் பந்து நடுவே சென்றது நான்கு முறைதான். 39க்கு 45 என்ற கணக்கில் அது தோற்றது. அன்று இரு அணியிலும் தலைசிறந்து ஆடியவர் தோற்ற அணியின் ஸ்லொஸ் என்றே கண்டவர்கள் கூறினர். அதுவே தம் கழகத்துக்காக அவர் ஆடிய கடைசிப் போட்டியாயிற்று.

நாட்டின் இளைஞர் போர்முனையில் மடிகையில், திடகாத்திரமானவர்கள் பந்தாடுவது தகுமா என்ற வினா மெல்பேணில் எழுந்தது. 1916 இல் நான்கு கழகங்களே போட்டியில் பங்குபற்றின. தென் மெல்பேண் விலகி நின்றது. ஸ்லொஸ் படைவீரராகி இங்கிலாந்தை அடைந்தார்.

விந்தை யாதெனில், அந்த ஆண்டில் அவர் மீண்டும் பந்தாடியது இலண்டன் மாநகரிலேயாம். 1916 ஒக்டோபர் 28 ஆந் திகதி, அவுஸ்திரேலியப் படையினரின் இரு அணிகள் அங்கே மோதின. செஞ்சிலுவைச் சங்க நிதிக்காக நடந்த அப்போட்டியை வேல்ஸ் இளவரசரும் கண்டார். மூன்றாம் படைப்பிரிவின் அணிக்கு ஸ்லொஸ் தலைமை தாங்கினார். அவ்வணி 52க்கு 36 என்று வென்றது.

அடுத்த மாதமே அப்படைப்பிரிவு பிரான்சுக்குச் சென்றது. 1917 சனவரி 4 ஆந் திகதி, ஆர்மன்ரியர் என்னும் ஊரின் அருகே, எதிரியின் எறிகணைக்கு ஸ்லொஸ் பலியானார். அப்போது அவருக்கு வயது 27. இலண்டனில் அவரோடு ஆடியவருள் வேறு சிலரும் வீடு திரும்பவில்லை.

அவர் தலைமையில் பெற்ற அந்த வெற்றி எந்தக் கழகத்தின் வெற்றிக் கணக்கிலும் சேரவில்லை. 1917 இல் மீண்டும் களம் புகுந்த தென் மெல்பேண், 1918 இல் வாகை சூடியது. போர் ஓய இரு மாதங்களே இருந்தன. அந்த வாகைக்கு 1914 இல் ஆறு புள்ளி தூரம்வரை தம் கழகத்தை அழைத்துச் சென்ற வீரர், அப்போது பிரான்சின் மண்ணில் துயின்றுகொண்டிருந்தார்.