பொருட்காட்சிசாலையும் நம் சிறுவர் கல்வியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கட்டடத்தின் கீழறையை ஒழித்து, நம் வீடுகளிற் கிடக்கும் பழைய ஓலை, செப்புப் பாத்திரம், நெல்லளந்த மரக்கால் முதலியவற்றைத் திரட்டி, பள்ளிச் சிறார் வந்து காணுமாறு ஒரு சிறு பொருட்காட்சிசாலை அமைப்பதெனச் செயற்குழுவினர் தீர்மானித்திருக்கின்றனர். அதுபற்றி ஓர் ஆசிரியனுடைய கருத்தைக் கூறும்படி என்னைப் பணித்தனர். தீர்மானத்தை முழுமனத்தோடு வரவேற்கின்றேன். ஆயினும், அவ்வறையில் எதனை வைப்பது, எதனை வையாது விடுவது என்பதில் நமக்குள் வேறுபாடு உண்டென்பது நீங்கள் அறியாததன்று. அதனை மறைத்துப் பேசுதல் எனக்கு இயலாது. சிறிது பொறுத்து அதற்கு வருவேன்.

இக்காலத்தில் அருங்காட்சியகம் என வழங்குவதனையே முன்னையோர் பொருட்காட்சிசாலை என்றனர். சென்னையில் 1851-ஆம் ஆண்டில் அரசினர் அதனைத் தொடங்கினர். 1855-இல் அதன் வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலையும் ஏற்பட்டது. பட்டணத்து மக்கள் பின்னதனை ‘உயிர் காலேஜ்’ என்றும், முன்னதனைச் ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தனர். நகைப்புக்குரிய பெயர்தான். ஆனால் செத்தது என்று சொன்ன வாயும் ‘காலேஜ்’ என்பதை விடவில்லை, பாருங்கள். அங்கே கற்க ஏதோ உண்டென்று எழுத்தறியாதவரும் உணர்ந்திருந்தனர். அதனைக் கற்பிப்பார்தாம் அரியராயினர்.

பிற நாட்டார் இதனை விரைவில் உணர்ந்தனர். அமெரிக்க நாட்டுப் புரூக்ளினில் 1899-ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கெனத் தனிக் காட்சிசாலை எழுந்தது. செயின்ட் லூயி நகரத்தார் 1905-இல், முந்திய ஆண்டு நடந்த உலகக் கண்காட்சியில் எஞ்சிய பொருள்களைச் சேர்த்து, குதிரை வண்டியில் ஏற்றிப் பள்ளிதோறும் அனுப்பினர். நம் நாட்டிலும் மும்பைக் காட்சிசாலையார் 2015 முதல் பேருந்து ஒன்றில் பொருள்களை வைத்துப் பள்ளிகளுக்குக் கொண்டு செல்கின்றனர். தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றிற் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் உள்ளன. மாணவரே ஊரிலுள்ள கல்வெட்டைப் படியெடுத்துப் படிக்கின்றனர்.

நம் பக்கத்துச் சுற்றுலா எவ்வாறு நிகழ்கின்றது? காலையிற் பேருந்தேறி, மூன்று இடங்களை ஒரு பகலில் முடித்து, பதுமநாபபுரம் அரண்மனைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குகின்றோம். ‘தொடாதே’, ‘வரிசையில் நில்’, ‘ஓடாதே’ என்னும் மூன்று வாக்கியமே ஆசிரியர் வாயினின்றும் வரும். வழிகாட்டுவோர், முட்டை வெண்கருவும் சிரட்டைக் கரியும் சேர்த்து மெழுகிய தரை இது என்பர், பிள்ளைகள் குனிந்து முகம் பார்ப்பர், படம் எடுத்துக்கொள்வர். அவ்வளவே.

அதே அரண்மனையிற் கற்பிப்பதற்கு எத்துணை உண்டு! கல்குளம் என்னும் ஊர், மார்த்தாண்ட வர்மர் காலத்தில், 1744-ஆம் ஆண்டிற் பதுமநாபபுரம் எனப் பெயர் பெற்றது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அதுவே திருவிதாங்கூரின் தலைநகர். அரசரும் அமைச்சரும் கூடிய மந்திரசாலையில் ஒரு மாணவனை நிறுத்தி, ‘இங்கே பேச உரிமை பெற்றவர் யாவர்? இன்று உன் ஊருக்குரிய முடிவுகள் எந்தக் கூடத்தில் எடுக்கப்படுகின்றன? அங்கே உன் தாய்க்கு வாக்குண்டா?’ என்று கேளுங்கள். குடிமைப் பாடத்தின் பாதி அங்கேயே முடிந்துவிடும். ஈராயிரவர் அமர்ந்துண்டதாகக் கூறும் ஊட்டுப்புரையைக் காட்டி, உண்டவர் யார், அவ்வரிசிக்கு நாற்று நட்டவர் யார், நட்டவர் அவ்வாயிலுக்குள் வரலாமா என்று கேளுங்கள். பிள்ளைகள் தாமே விடை தேடுவர்.

இன்னொன்றும் உண்டு. அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டினது. அதனைக் காப்பதோ கேரளத் தொல்லியல் துறை. ஏன் என்று ஒரு பிள்ளையேனும் கேளாது விடாது. அதற்கு விடை சொல்லப் புகுந்தால், நேசமணி முதலியோர் நடத்திய கிளர்ச்சியையும், 1954 ஆகஸ்டு 11-இல் தக்கலையிலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் மாண்டோரையும், 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்ததையும் சொல்லியாக வேண்டும். புத்தகத்தில் நான்கு வரியாகக் கிடப்பது ஒரு வாயிற்படியிற் கதையாக விரிகின்றது.

இனி நம் நாட்டுச் சாசனங்களைப் பார்ப்போம். விளவங்கோட்டுப் பக்கத்துப் பார்த்திவசேகரபுரத்திற் சாலை ஒன்று ஏற்படுத்திய ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடு, தன் நாளைக் கலியுகத்து நாட்கணக்கில் 14,49,087 என்று குறிக்கின்றது. இவ்வெண்ணை ஏழாம் வகுப்பில் எழுதிப் போட்டு, 365¼-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 3,967 ஆண்டு சென்றன என்று வரும். கலி தொடங்கியது கி.மு. 3102-இல் என்பதைக் கூறினால், கி.பி. 866 என்று அவர்களே கண்டு கூவுவர். தானே கண்டுபிடித்த ஆண்டினை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை. அச்சாலையில் இடம் தொண்ணூற்றைந்து பேர்க்கு. சேர்வோர்க்கு இலக்கணப் புலமையோடு மூன்று அரசுகளின் நடப்பு பற்றிய அறிவும் வேண்டுமென விதித்திருந்தனர். இகழ்ந்து பேசினார்க்குத் தண்டம் உண்டு. கூட்டத்திற்குப் படைக்கலம் கொண்டுவருதல் ஆகாது. குடிமைப் பயிற்சி நேற்று வந்ததன்று என்பது இதனாற் பெறப்படும். அத் தொண்ணூற்றைந்து இடமும் வேதம் ஓதுவார்க்கே உரியன என்பதையும் மறையாது சொல்லவேண்டும். நம் முன்னோர்க்கும் அங்கே பலகை இல்லை.

மணலிக்கரைக் கல்வெட்டோ இதனினும் சுவையுடையது. மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை 1894-ஆம் ஆண்டில் வெளியிட்ட வேணாட்டரசர் ஆராய்ச்சியில் அதன் பெருமையை உலகறியச் செய்தார். 13-ஆம் நூற்றாண்டில் வீர இரவி கேரள வர்மன் காலத்தது. கோதைநல்லூர்ச் சபையார், ஊரார், அரசன் பக்கத்துத் தலைவர், வரி தண்டும் அலுவலன் ஆகிய எல்லாரும் கலந்து செய்த முடிவு அது. மழை பொய்த்து விளைவு கெட்டால், சபையாரும் ஊராரும் நிலத்தைப் பார்த்து எவை கெட்டன, எவை கெடவில்லை என்று துணிய வேண்டும். கெட்ட நிலத்திற்கு வழக்கமான கடமையில் ஐந்தில் ஒரு பங்கே உண்டு. வெள்ள நிவாரணத்திற்கு இன்று கிராம அலுவலர் பயிர் பார்க்க வரும் வீட்டுப் பிள்ளைக்கு இக்கல்லைப் படித்துக் காட்டினால் அதற்கு உரையே வேண்டா.

இப்பொழுது கருத்து வேறுபாட்டிற்கு வருகின்றேன்.

அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படியெடுத்தார், பின்னர் அ.கா. பெருமாள் அவ்வோலைகளைப் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டார் கூடி, முறையற்ற வரி கொடோம் என உறுதி செய்த செய்தி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆவணங்களிற் காணப்படுகின்றது. இதனைப் பெரிதாக எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும் என்பதில் நம்முள் எவர்க்கும் தடையில்லை. அதே முதலியார் ஓலைகளில், ஆளை விற்றதும் ஒற்றி வைத்ததும் எழுதிய அடிமை ஓலைகளும் உள்ளன. நம் வீட்டு மச்சுகளிலும் அத்தகையன கிடக்கின்றன. நம் காரணவர் சிலரிடம் கண்டிருக்கின்றேன். அவற்றை வைக்க வேண்டா என்பது பெரியோர் சிலரது கருத்து.

அவர் கூறும் காரணம் இரண்டு. நம் பிள்ளைகள் முன் முன்னோர்க்கு இழுக்கு நேரும் என்பது ஒன்று. இது எனக்கு வலியுடையதாகத் தோன்றவில்லை. மருமக்கள் வழியின் கொடுமையைக் கவிமணி நூலாகவே பாடினார். அதனால் நம் மதிப்புக் குறைந்ததோ? 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வழக்கம் ஒழிந்தது. நாமும் நலமாகவே இருக்கின்றோம்.

மற்றொரு காரணம் எடையுடையது. விற்கப்பட்டோர் வழிவந்த பிள்ளைகள் அவ்வறைக்கு வந்து காணின் அவர் நெஞ்சு புண்படும் என்கின்றனர். என் வகுப்பில் விற்றோர் வழியினரும் விற்கப்பட்டோர் வழியினரும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கின்றனர். ஆதலால் இதனை நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். அவ்வோலையில் விற்றவன் பெயரும், வாங்கியவன் பெயரும், விற்கப்பட்டவர் பெயரும் உள. முன் இருவர் பெயர் நிலப்பத்திரத்திலும் கோயிற் கணக்கிலும் இருக்கும். விற்கப்பட்டவர் பெயரோ, அவர் உயிரோடிருந்தார் என்பதற்குச் சான்றாக, பெரும்பாலும் அவ்வோலை ஒன்றிலேயே இருக்கின்றது. அதனை நாம் ஒளித்தால் அவரை இரண்டாம் முறை இல்லையாக்குகின்றோம். ஆனால் பொறுப்பின்றிக் காட்டலும் ஆகாது. அம்மக்களிடமிருந்து இரண்டு மூன்று பெரியோரை அழைத்து, எவ்வாறு வைப்பது, அடியில் என்ன எழுதுவது என்பதை அவரோடு கலந்து துணிவோம். பக்கத்திலேயே 1855-இல் திருவிதாங்கூரில் அடிமை ஒழிந்த செய்தியையும், மனிதரை விற்றலையும் கட்டாய வேலையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவையும் எழுதி வைப்போம். வரி கொடோம் என்ற ஓலையும் ஆள் விற்ற ஓலையும் ஒரே பெட்டியில் அருகருகே இருக்கட்டும். தனக்கு உரிமை கேட்டவர் பிறர்க்கு அதனை மறுத்தது எவ்வாறு என்று பிள்ளைகள் கேட்பர், கேட்கட்டும்.

இக்கருத்தைச் செயற்குழுவில் எழுத்து மூலம் தந்துவிட்டேன். அடுத்த மாதம் வாக்கெடுப்பு. அதற்குமுன் இரண்டு செயல் வேண்டும். வீட்டில் ஓலை உள்ளோர் அதனைப் பழம்பொருள் வாங்குவோரிடம் விற்றுவிடாது, கறையான் பிடியாத பெட்டியில் வைத்துச் செயலாளரிடம் தெரிவிக்க. சுவடி படிக்கத் தெரிந்த முதியவர் இருப்பின் அவரையும் தெரிவிக்க. நம் இளைஞர் பத்துப் பேர் அவரிடம் பயிலட்டும். மற்றொன்று, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை, எந்த வகுப்பினராயினும், பெண் பிள்ளைகளையும் சேர்த்து, முப்பது பேரைப் பதுமநாபபுரத்திற்கு ஒரு முழுநாள் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கின்றேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள். அதனை வரைந்து, செய்தவர் யார், பயன்படுத்தியவர் யார், நெருங்கக் கூடாதவர் யார் என்று எழுதி வரவேண்டும். திங்கட்கிழமை அரண்மனை திறப்பதில்லை. ஆகையால் சனிக்கிழமை காலை வடசேரியிலிருந்து புறப்படுவோம். நோட்டும் பென்சிலும் கொண்டு வருக. சோறு சங்கத்தில் ஏற்பாடு செய்யப்படும். அனைவரும் ஒரே பந்தியில் உண்போம்.