சாட்சி சொல்லும் மக்கள்



பரட்டை அண்ணன் நினைவாகப் பேச அழைத்தபோது, கிறித்தவ விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றோம். சபைக்குப் போகிற உறவினர்கள் 'இலக்கிய மேடையில் எதற்கு விசுவாசம்?' என்று கேட்டார்கள். இயக்கத் தோழர்கள் 'இன்னுமா?' என்று மட்டும் கேட்டார்கள். அந்த ஒற்றைச் சொல்லில் இருந்த அலுப்பு புரிகிறது. ஆனாலும் பேசத்தான் வேண்டியிருக்கிறது. இந்த உரையில் 'நாங்கள்' என்பது சேரியிலிருந்து கோயிலுக்குப் போகிறவர்கள்; கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பல கூரைகளின் கீழ் உட்கார்ந்திருக்கிற தலித் கிறித்தவர்கள். தமிழ்நாட்டுக் கிறித்தவர்களில் பெரும்பகுதி நாங்கள்தான். பீடத்துக்குப் பக்கத்தில் மட்டும் சிறுபகுதி.

'விசுவாசத்தில் வளருங்கள்' என்று வாரந்தோறும் கேட்கிறோம். வளர்வது என்றால் அதிகாலை ஜெபம், வேத வாசிப்பு, தசமபாகம், உபவாசம் என்று பிரசங்கம் விரியும். இவற்றை நாங்கள் இளக்காரமாகப் பார்க்கவில்லை. உபவாச ஜெபக் கூட்டத்தில் 'சாட்சி நேரம்' என்று ஒன்று உண்டு. பகல் முழுதும் நடவு நட்டுவிட்டு வந்த எங்கள் அம்மாக்கள் முதன்முதலாக நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று, தங்கள் வாழ்க்கையைத் தங்கள் வாயால் சொன்னது அங்கேதான். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர்களுக்குப் பேச்சு கிடையாது. சாட்சி நேரத்தில் உண்டு. இதன் பெறுமதி தெரியாதவர்கள் மதமாற்றத்தைப் பற்றி ஆய்வேடு எழுதாமல் இருப்பது நல்லது.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. கடன் தீர்ந்ததற்கும் காய்ச்சல் நின்றதற்கும் சாட்சி சொல்லலாம். கல்லறையில் எங்களுக்குத் தனி மூலை ஒதுக்கியிருப்பதைப் பற்றி எழுந்து நின்று சொன்னால், 'இது சாட்சியில்லை, பிரச்சினை' என்று உட்கார வைப்பார்கள். அப்போது 'வளர்ச்சி' என்ற சொல்லுக்குப் 'பொறுமை' என்று பொருள் மாறிவிடும். நாங்கள் சொல்ல வந்தது இதைத்தான்: எங்கள் மக்களின் விசுவாசம் எப்போதெல்லாம் வளர்ந்ததோ, அப்போதெல்லாம் அது ஒரு தகராறாகத்தான் வளர்ந்தது. அந்தத் தகராறும் ஆன்மிகம்தான்.

தஞ்சாவூரிலிருந்து தொடங்குவோம். தரங்கம்பாடி மிஷனும் அதன் கிளையான தஞ்சை மிஷனும் தொடக்கத்திலிருந்தே கோயிலுக்குள் தனித்தனி இருக்கையை அனுமதித்தன. 1820களில் வந்த புதிய மிஷனரிகள் இது கூடாது, எல்லோரும் கலந்து உட்கார வேண்டும், திருவிருந்தில் வேற்றுமை கூடாது என்றார்கள். வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்புக்கு எழுத்து வடிவம் கொடுத்தவர் வேதநாயக சாஸ்திரியார். ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் நண்பர், இன்றும் எங்கள் கோயில்களில் உருகி உருகிப் பாடப்படும் கீர்த்தனைகளின் ஆசிரியர். புதிய மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் வரிசைப்படுத்தியவற்றில், சாதி வழக்கத்தை விடச் சொன்னதும் ஒன்று. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை இனியும் தாமதிக்காமல் அடியோடு விட்டாக வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். இரட்சிப்பை விடவும் பந்தி வரிசை அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

சாஸ்திரியாரின் பாடல்களைக் கொளுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பாட்டிமார் செத்தபோது அவைதான் பாடப்பட்டன. ஆனால் இரண்டையும் ஒரே மனிதர் எழுதினார் என்பதை ஞாயிறு பள்ளியில் சொல்லித் தர வேண்டாமா? கீர்த்தனை பாடத் தெரிவது 'ஆழமான பக்தி' என்றும், கைதட்டிக் கும்மிப் பாட்டு பாடுவது 'வளராத பக்தி' என்றும் ஒரு தரவரிசை எங்கள் சபைகளில் இருக்கிறதே, அது எந்தத் திண்ணையிலிருந்து இறங்கி வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

தெற்கே வடக்கன்குளத்துக் கத்தோலிக்கர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 1872இல் அங்கே எழுந்த கோயிலின் வடிவமே சாதிக்காகப் போட்ட வடிவம்: ஒரு பீடம், அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப் போல் பிரியும் இரண்டு கூடங்கள், ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். தடுப்பை 1910இல் கௌசானல் என்ற குரு இடித்தார். விஷயம் நீதிமன்றம் வரை போனது. எங்கள் மக்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்போது வேறொரு திசை. அன்றைய சென்னை மாகாணத்தின் வடக்கே, ஓங்கோல். எர்ரகுண்ட்ல பெரய்யா என்ற மாதிகர், தோல் வியாபாரி, 1866இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் வழியாக ஊர் ஊராக மாதிகர்கள் வரத் தொடங்கினார்கள். க்ளோ என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி அங்கே இருந்தார். மேல்சாதியினர் சிலர் சபையில் சேர ஆர்வம் காட்டிய நேரம் அது. மாதிகர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். க்ளோ மாதிகர்களைத் தேர்ந்தெடுத்தார். 1876-78 பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலை நடந்த காலம் முழுவதும் ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்தி வைத்தார். பஞ்சம் தணிந்த பிறகு, 1878 ஜூலை 3 ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். எங்களை 'அரிசிக் கிறித்தவர்கள்' என்று கேலி பேசுகிறவர்கள் இந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்த மக்கள் விசுவாசத்தை எப்படிக் காட்டினார்கள்? ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக மறுத்தார்கள். செத்த மாட்டுக் கறியை விட்டார்கள். ஊர்த் திருவிழாவில் தப்பு அடிக்க மாட்டோம் என்றார்கள். கர்ணமும் ரெட்டியும் சும்மா இருப்பார்களா? அடியும் விழுந்தது, பிழைப்பும் போனது. சமூகவியல் வகுப்பில் இதை 'வேலை மறுப்பு' என்போம். அவர்கள் இதை 'ஓய்வுநாளைக் கைக்கொள்வது' என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தப்பு அடிக்க மறுத்தது அன்றைய விசுவாசம். நூறு ஆண்டு கழித்து மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், அதே பறையைத் திருவிருந்துப் பீடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். இதுவும் விசுவாசம். முரண் என்று தோன்றலாம். கட்டாயத் தொழிலாக இருந்த காலத்தில் அடிக்க மறுப்பதும், தீட்டென்று ஒதுக்கிய காலத்தில் எடுத்து அடிப்பதும் ஒரே சுயமரியாதையின் இரண்டு அசைவுகள். தன் பெயரையே அவர் அப்படித்தான் வைத்துக்கொண்டார்: சீவாத தலை, பரட்டை. செந்தமிழ் ஜெபத்தில் 'பிதாவே' என்று தூரத்தில் இருந்த கடவுளைக் கிராமத்துப் பேச்சில் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அப்பாவும் அடங்கும், அம்மாவும் அடங்கும். நாட்டுப்புற இசையை அவர் கையிலெடுத்ததற்கும் காரணம் இருந்தது. கர்நாடக இசைக்கு வித்துவான் வேண்டும், மேல்நாட்டு இசைக்கு ஆர்கனும் நோட்டுப் புத்தகமும் வேண்டும். நாட்டுப் பாட்டைப் பாடுகிறவர்களே மாற்றிப் பாடலாம், அடுத்த ஊரில் அது வேறு பாட்டாகிவிடும். இறையியலும் அப்படி மக்கள் கையில் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

அவருடைய சிந்தனையின் நடுவில் இருந்தது 'ஒரு உலை'. ஒரே உலையில் பொங்கித் தின்பவர்கள்தான் குடும்பம் என்பது கிராமத்து வரையறை. தனி உலை வைத்தால் தனிக் குடித்தனம். அப்படியானால் சபை என்பது ஒரு குடும்பமென்றால் அதன் உலை எங்கே? விரல் நுனி அளவு அப்பமும் ஒரு சொட்டு ரசமும் எல்லோரும் சேர்ந்து வாங்கிவிட்டு, வெளியே வந்ததும் அவரவர் தெருவுக்குத் திரும்பினால் அது பந்தியா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்கள் சபைகள் நேராகப் பதில் சொல்லவில்லை. அண்ணன் 2005இல் மறைந்தார். பாடல்களைப் பாடுகிறோம், பறையும் விழாக்களில் ஒலிக்கிறது. உலை மட்டும் இன்னும் ஏறவில்லை.

எறையூரை நினைவிருக்கிறதா? அன்றைய விழுப்புரம் மாவட்டம். ஒரே மதம், ஒரே மறைமாவட்டம். சவ ஊர்வலம் எந்தத் தெருவில் போவது, கோயிலில் எங்கே உட்காருவது என்று பல ஆண்டுப் புகைச்சல். தலித் கத்தோலிக்கர்கள் சகாய மாதாவுக்குத் தனிக் கோயில் கட்டி, தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறித்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். தவக்காலத்தில் நடந்தது இது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே ஒரு சுவர். உயிர்த்தெழுதல் நாளில் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் எழுப்புவார்கள் என்று எங்கள் ஊரில் கேலியாகக் கேட்பார்கள். கேலிதான், ஆனால் யாரும் சிரிப்பதில்லை.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. 2022இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினால். மகிழ்ச்சிதான். சுவருக்கு அது தெரியாது.

சட்டத்தின் பக்கம் வருவோம். 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். எங்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்களுக்கு இல்லை. விளைவு, வீட்டுக்கு வீடு இரண்டு பெயர்: கோயில் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. இதைத்தான் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. ஒரு பிள்ளை தன் பெயரை மறைத்துப் படிக்க வேண்டிய நிலையை உண்டாக்கிய ஆணைக்கு என்ன பெயர் என்று தீர்ப்பு சொல்லவில்லை.

அதற்கு முன்னால் ஒரு தீர்ப்பு உண்டு. மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. 1982இல் அரசு செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவச பங்க் கடை கொடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது; சூசை கிறித்தவர், கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் தோற்றார். தீர்ப்பு சொன்ன காரணம் முக்கியம்: மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதைக் காட்டப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்றது. அதாவது, சாட்சி போதவில்லை.

இதற்குள் சில தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது: அம்பேத்கர் வழியில் வெளியேறினால் என்ன? அண்ணல் கிறித்தவத்தைப் பற்றி எழுதியவை மென்மையானவை அல்ல. மாறியவனின் நிலையில் உன் மதம் என்ன மாற்றத்தைச் செய்தது என்று அவர் கேட்ட கேள்வியை எந்த ஆயரும் இன்னும் முழுதாகச் சந்திக்கவில்லை. வெளியேறுகிறவர்களை நாங்கள் தடுக்க மாட்டோம். ஆனால் தச்சன் மகன் ஒருவன், தீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காகவே ஊராரிடம் கெட்ட பெயர் வாங்கினான் என்ற செய்தியை எங்கள் பாட்டன் பாட்டிமார் கேட்டுத்தான் வந்தார்கள். அந்தச் செய்தி அவர்களுடைய சொத்து. சுவர் கட்டினவன் கோயிலில் இருக்க, சுவரால் அடிபட்டவன் ஏன் வெளியேற வேண்டும்?

ஆகவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். மதம் மாறிய பட்டியல் சாதியினர் குறித்து ஆராய 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 1985இல் இல்லையென்று சொல்லப்பட்ட ஆதாரம் எங்கள் ஊர்களில்தான் கிடக்கிறது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் சாதி குறிக்கப்பட்டிருக்கும். அனுமதி கேட்டுப் படியெடுங்கள். தேர் எந்தத் தெரு வரை வந்து திரும்புகிறது, பாடகர் குழுவில் யார், பங்குப் பேரவையில் யார், ஓலை வாசிக்கும்போது எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் கல்யாணம் நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோயில் கழிவறையைக் கழுவுகிற அருந்ததியப் பெண்ணிடம், அவர் எந்த வரிசையில் உட்கார்ந்து நன்மை வாங்குகிறார் என்று கேளுங்கள். இந்தக் கேள்வி மற்றத் தலித் தெருக்களுக்கும் உரியது. கல்லறைத் தோட்டத்துக்கு அளவு நாடாவோடு போங்கள். சுவரின் நீளம், உயரம், கட்டிய ஆண்டு, இந்தப் பக்கம் எத்தனை குழி, அந்தப் பக்கம் எத்தனை. ஒரு படியை ஆணையத்துக்கு அனுப்புங்கள். இன்னொரு படியை உங்கள் அம்மாவிடம் கொடுங்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி நேரம் வரும்போது அவர் எழுந்து நின்று வாசிக்கட்டும்.