டிராக்டர் எண்ணெயில் தண்ணீர் கலந்தால்

(கள்ளக்குறிச்சியில் உழவர் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



நான் உழவியல் ஆசிரியன். எந்திரப் பொறியாளன் அல்லன். நெல்லைப் பற்றியோ கரும்பைப் பற்றியோ பேசாமல் டிராக்டர் எண்ணெயைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

என் சித்தப்பா ஒருவர் சம்பாப் பட்டத்தில் சேற்றுழவு செய்துகொண்டிருந்தார். லிப்ட் கலப்பையைத் தூக்கத் திணறியது. அளவுகோலை உருவிப் பார்த்தால், எண்ணெய் பால் ஊற்றிய தேநீர் போல வெளுத்திருந்தது. 'இந்த வயலை முடித்துவிடுவோம், பிறகு பார்க்கலாம்' என்று ஓட்டினார். நான்காம் நாள் பம்பு போய்விட்டது. புதுப் பம்பு வந்து, பொருத்தி முடிய மூன்று வாரம் ஆயிற்று. மத்திய கால நெல் இரகங்களுக்கு 25 முதல் 30 நாள் நாற்றே ஏற்றது. அவர் நட்டதோ 48ஆம் நாள். வயது கடந்த நாற்றை நட்டால் தூர் கட்ட அதற்கு நாள் இருப்பதில்லை. அந்த ஆண்டு களத்துமேட்டில் அவர் அளந்த நெல், வழக்கமான அளவில் பாதிக்குச் சற்று மேல். பம்பின் விலையைச் சித்தப்பா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நெல்லின் கணக்கை யாரும் கேட்பதில்லை.

உங்களில் பெரும்பாலோரின் டிராக்டரில் கியர் பெட்டிக்கும், பின் அச்சுப் பெட்டிக்கும், லிப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெயில் நனைந்து வேலை செய்யும் வகைப் பிரேக் இருந்தால் அதற்கும் அதே எண்ணெய். பம்பு இந்த எண்ணெயைச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ அழுத்தத்தில் தள்ளுகிறது. பம்பினுள்ளும் வால்வினுள்ளும் உள்ள இடைவெளி தலைமயிரைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலம் நிற்கும் வரை இரும்பு இரும்பைத் தொடாது. தண்ணீருக்கு அப்படிப் படலமாக நிற்கும் சக்தி இல்லை. தண்ணீர் கலந்ததும் தேய்மானம் தொடங்குகிறது. வண்டி நிற்கும் நாட்களில் துருப்பிடிக்கிறது. துருத்தூள் வால்வில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. பிறகு தூக்கிய கலப்பை தானாகவே இறங்குகிறது, உழவின் ஆழம் சால்தோறும் மாறுகிறது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் நோக்கி மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு மலைப் பாதையில் இறங்குகிறவர்கள் பிரேக்கும் இதே எண்ணெயில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அங்கே எண்ணெய் கெட்டால் போவது நெல் மட்டும் அல்ல.

சரி, மூடிய பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? நாமே போக விடுகிறோம் என்பதுதான் என் கருத்து. நாள் முழுதும் உழுத டிராக்டரின் பெட்டி நன்றாகச் சூடேறியிருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். மாலையில் வேலை முடிந்த கையோடு அதை ஏரியிலோ வாய்க்காலிலோ இறக்கிக் கழுவுகிறோம். பெட்டி சட்டென்று குளிர்கிறது, உள்காற்று சுருங்குகிறது. சுருங்கிய காற்று வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சியே தீரும். வெளியே இருப்பது தண்ணீர். பிரீதர் எனப்படும் மூச்சுத் துளை, தேய்ந்த ஆயில் சீல், கியர் கம்பியைச் சுற்றிய கிழிந்த ரப்பர் உறை, சரியாக மூடாத அளவுகோல் துளை ஆகிய எந்த வழி கிடைத்தாலும் அது உள்ளே நுழைந்துவிடும். சர்வீஸ் நிலையத்தில் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரை இந்த இடங்களுக்கு நேராகப் பிடித்தாலும் இதே கதைதான். ஆகவே வண்டி ஆறிய பிறகு கழுவுங்கள். வண்டியைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டாம்.

சேற்றுழவுக்கும் இது பொருந்தும். கேஜ் வீல் போட்டு உழுபவர்கள் முழங்கால் அளவு தண்ணீர் நிறுத்துவதைப் பார்க்கிறேன். சேறு நன்றாகக் குழைய நான்கைந்து சென்டிமீட்டர் நீர் போதும். அதிக நீரில் சேறும் குழையாது, அச்சின் சீலும் நாள் முழுதும் நீரில் மூழ்கிக் கிடக்கும்.

கல்வராயன் மலையில் இன்னொரு வழியும் உண்டு. பகலில் வெயில், இரவில் பனிக் குளிர். குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போலப் பெட்டியின் உட்சுவர் வியர்க்கிறது. சிறிய துண்டு நிலங்களில் அரை மணி நேரம் உழுது நிறுத்தும்போது, அந்த ஈரம் ஆவியாகிப் போகும் அளவுக்கு எண்ணெய் சூடாவதில்லை. எண்ணெயை மேல் குறி வரை வைத்திருந்தால் உள்ளே காற்றிடம் குறையும், வியர்வையும் குறையும். எண்ணெய்ப் பீப்பாயை மழையில் நிமிர்த்தி வைப்பதும் தவறு. மேல்மூடியில் தேங்கும் நீர் மெல்ல உள்ளே இறங்கிவிடும். கொட்டகையில் படுக்க வையுங்கள்.

இவையெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சேரும் தண்ணீர். வெள்ளம் வேறு. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. திருக்கோவிலூர், மணலூர்ப்பேட்டைப் பக்கம் தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. அப்படி வெள்ளத்தில் நின்ற டிராக்டரைக் கண்டதும் நமக்கு வரும் முதல் ஆசை, ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்பது. தயவுசெய்து பார்க்காதீர்கள். கியரில் போட்டு இழுக்கவும் வேண்டாம். அசையாமல் நிற்கும் வரை தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் தனியாகக் கிடக்கும். பல்சக்கரம் சுற்றியதும் மோர் கடைந்தது போல் ஆகிவிடும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வரும், பின்னால் எண்ணெய் வரும். வெள்ளநீரில் சேறும் இருப்பதால் முழு எண்ணெயையும் மாற்றியே ஆக வேண்டும். எஞ்சின் எண்ணெயையும் டீசலையும் தனியே சோதிக்க வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை.

எண்ணெய் வெளுத்திருந்தால் அது தண்ணீர்தானா என்று எப்படி அறிவது? நுரையும் அப்படித்தான் தெரியும். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் அது காற்று நுரை. எண்ணெய் குறைவாக இருக்கலாம், அல்லது உறிஞ்சு குழாயில் கசிவு இருக்கலாம். மறுநாள் காலையிலும் வெளுப்பாகவே இருந்தால், அல்லது அடியில் நீர் தங்கியிருந்தால், அது தண்ணீர்தான். இன்னும் ஐயமா? பழைய தோசைக் கரண்டியைச் சூடாக்கி, அடுப்பை விட்டு விலகி நின்று, இரண்டு சொட்டு எண்ணெயை அதில் விடுங்கள். தண்ணீர் இருந்தால் கடுகு தாளிப்பது போல் சடசடக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளுத்த எண்ணெயைத் தெளிய வைத்து மீண்டும் ஊற்றலாமா என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். அடியில் தங்கும் நீரைப் பிரிக்கலாம்; எண்ணெயோடு கலந்துவிட்ட நீரைப் பிரிக்க நம் வீட்டில் வழி இல்லை. 25 லிட்டர் முதல் 50 லிட்டர் வரை பிடிக்கும் எண்ணெய்க்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் மாற்றத்தான் வேண்டும்.

கலப்பையைத் தரையில் இறக்கி, லிப்ட் கைகளை முழுதும் தாழ்த்தி, எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். வடிகால் திருகு ஒன்றுக்கு மேல் இருக்கும். கையேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் திறவுங்கள். கம்பி வலை வடிகட்டியை டீசலில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். காகித வடிகட்டியைக் கழுவக் கூடாது, புதிதுதான் போட வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றி வண்டியை ஓட்டி உள்ளே அலசும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதே பெட்டியில்தான் பல்சக்கரங்களும் சுழல்கின்றன. மண்ணெண்ணெயில் அவை தேயும். கையேட்டில் சொன்ன அதே வகை எண்ணெயை ஊற்றி, சுமை இல்லாமல் லிப்டைப் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கி, மறுபடி பாருங்கள். வெளுத்தால் அதையும் வடித்துவிட்டு மாற்றுங்கள். கசிவைத் தேடும்போது குழாயில் விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையை நீட்டிப் பாருங்கள். தூக்கிய கலப்பையின் கீழ் கையோ காலோ வேண்டாம்.

டிப்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதைத் தூக்கும் சிலிண்டருக்குள் இருப்பதும் இதே எண்ணெய்தான். வண்டியில் புது எண்ணெய் ஊற்றிவிட்டுப் பழைய டிரெய்லரை மாட்டினால், அதிலுள்ள தண்ணீர் திரும்பி வந்துவிடும். வாடகை டிரெய்லர் ஊர் முழுதும் சுற்றி, ஒருவர் வண்டித் தண்ணீரை இன்னொருவர் வண்டிக்குக் கொண்டுபோகிறது. சிலிண்டரையும் காலி செய்யுங்கள். இணைப்பு முனையைத் துடைத்து மாட்டுங்கள், கழற்றியதும் மூடி போடுங்கள். வடித்த எண்ணெயை வாய்க்காலில் கொட்டாமல், பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுங்கள்.

வகுப்பு முடிந்ததும் வெளியே நிற்கும் டிராக்டர்களின் அளவுகோலை ஒவ்வொன்றாக உருவிப் பார்ப்போம். துடைப்பதற்கு வெள்ளைத் துணி கொண்டுவந்திருக்கிறேன்.