விருந்தினரும் மைசூரு வீடுகளும்

(நம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா மேடை ஏறுவோர் இலக்கியத்தின் பெருமையையோ மொழியின் தொன்மையையோ எடுத்துரைப்பது மரபு. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. ஊரிலிருந்து உறவினர் மைசூருக்கு வருகின்றனர். அவர்களை எங்கே தங்க வைப்பது? இதுவே அப்பொருள். சிலர் சிரிக்கின்றீர்கள். தசராவுக்கு இரண்டு திங்கள் முன்னரே நம் வீட்டுத் தொலைபேசிகள் ஓயாது ஒலிப்பதை எண்ணிச் சிரிக்கின்றீர்கள் போலும்!

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது முதற்பொருள். புதியராய் வந்தவரைப் பேணும் கடமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஆனால் அவர் இரண்டு படுக்கையறையும் ஒரு குளியலறையும் கொண்ட அடுக்குமாடி வீட்டில் வாழ்ந்தவர் அல்லர். எட்டுப் பேர் ஒருசேர வந்து இறங்கினால் நம்மில் எத்தனை பேர் வீட்டில் பாய் விரிக்க இடம் இருக்கிறது? மனம் இருக்கிறது, இடம் இல்லை. இந்த இக்கட்டில் நாங்கள் செய்த பிழை ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டு, அதன் பின்னர்ச் செய்திக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தென்காசியிலிருந்து எங்கள் அத்தை தசரா காண வந்தார். உடன் வந்தவர் அறுவர். நாங்கள் பெரியதொரு விடுதியில் மூன்று அறைகள் எடுத்துக் கொடுத்தோம். வண்டி அமர்த்தி அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் எல்லாவற்றையும் இரண்டே நாளில் காட்டினோம். இரவு வீட்டில் சாப்பாடு போட்டு விடுதிக்கு அனுப்பினோம். குறை ஏதும் வைக்கவில்லை என்றே நம்பினோம். தொடர்வண்டி ஏறும் நேரத்தில் அத்தை சொன்னார்: "ஊரெல்லாம் பாத்தாச்சுய்யா. ஒரு மனுசரோடயும் பேசத்தான் இல்ல."

அதில் சினம் இல்லை. ஆயினும் அச்சொல் எங்களை விட்டு நீங்கவில்லை. ஓர் ஊரைக் கட்டடங்களாகக் காட்டிவிட்டோம். அங்கு வாழும் மனிதரைக் காட்டவில்லை. இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் எங்களுக்கே இந்த ஊர் மனிதரை எவ்வளவு தெரியும் என்ற ஐயமும் எழுந்தது.

மறு ஆண்டு அத்தை மீண்டும் வந்தபோது வேறு வழி நாடினோம். இலட்சுமிபுரம் பக்கத்தில், ஒரு குடும்பம் தாம் வாழும் பழைய வீட்டில் மூன்று அறைகளை விருந்தினர்க்கு விட்டிருந்தது. படுக்கையும் காலை உணவும் தருவார்கள். ஹோம்ஸ்டே என்று மக்கள் வழங்கும் இதனை நாம் இல்ல விடுதி என்று கூறுவோம்.

வாயிலில் வீட்டு அம்மையார் கைகூப்பி, "பன்னி, பன்னி" என்று அழைத்தார். அத்தை திடுக்கிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்! கன்னடத்தில் அது "வாருங்கள்" எனும் மரியாதைச் சொல் என்று விளக்கிய பின்னரே அவர் முகம் தெளிந்தது. மறுநாள் காலை, "திண்டி ஆயிதா?" என்ற கேள்வி வந்தது. காலைச் சிற்றுண்டி ஆயிற்றா என்று நலம் உசாவும் மைசூரு வழக்கம் அது. அக்கி ரொட்டி வந்தது. அரிசி மாவில் தட்டிய அடை என்று அத்தை கண்டுகொண்டார். பகலில் "சாரு" என்று அம்மையார் பரிமாறியது நம் ரசமே என்பதையும், அப்பெயர் நம் சாறுதான் என்பதையும் உணர்ந்தபோது அவருக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அந்த வீட்டின் கூடத்தில் நவராத்திரிக்குப் பொம்மைகள் அடுக்கப்பட்டிருந்தன. முதற்படியில் அரசனும் அரசியுமாக ஓர் இணை. அதனைப் "பட்டத கொம்பெ" என்பர்; மணமகளுக்குத் தாய்வீட்டார் கொடுத்தனுப்பும் பொம்மை அது. நம் வீடுகளில் வழிவழியாக வரும் மரப்பாச்சி இணையை அத்தை கையால் அளந்து காட்டினார். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஆயினும் இரு மூதாட்டியரும் அரைநாள் பேசிக்கொண்டிருந்தனர். அவ்வாண்டு அத்தை ஊர்வலம் பார்க்கச் செல்லவே இல்லை. ஊருக்குத் திரும்பும்போது குறையும் சொல்லவில்லை.

அன்பர்களே! இவ்வகை வீடுகள் எவ்வாறு தோன்றின என்பதையும் சிறிது எண்ணுவோம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மைசூருவைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமான பழைய தெருக்களிலிருந்து மக்கள் வெளியேறி வாழ, காற்றும் வெளிச்சமும் புகும் புதிய பகுதிகள் வகுக்கப்பட்டன. மரத்தாலான பழைய அரண்மனை 1897-இல் தீக்கிரையாகி, ஹென்றி இர்வின் வரைந்த இன்றைய அரண்மனை 1912-இல் முடிவுற்றதும் அக்காலத்தை ஒட்டியே. அரண்மனை எழுந்தபோது அதனைச் சுற்றி ஊரும் புதிதாய் எழுந்தது. ஓட்டுக் கூரை, சிவப்புக் காவித் தரை, "ஜகலி" என்னும் திண்ணை, நடுவே வானம் பார்த்த முற்றம் உடைய "தொட்டி மனெ" ஆகியவை செட்டிநாட்டையும் தஞ்சையையும் அறிந்த நமக்குப் புதியன அல்ல.

இவ்வீடுகள் நாள்தோறும் குறைந்து வருகின்றன. பிள்ளைகள் வெளிநாடு செல்ல, முதியோர் இருவர் பத்து அறைகளைப் பெருக்கிக்கொண்டு எத்தனை நாள் இருப்பர்? ஓடு மாற்றும் செலவு ஒருபுறம். மனையின் விலை மறுபுறம். வீடு விழுகிறது, அடுக்குமாடி எழுகிறது. சென்னையில் பிறந்து மைசூருவில் வாழ்ந்து மால்குடியைப் படைத்த ஆர். கே. நாராயணன் அவர்களின் யாதவகிரி வீடே 2011-இல் இடிபடத் தொடங்கிற்று. மக்கள் குரல் எழுப்பியதால் இடிப்பு நின்றது. பின்னர் மாநகராட்சி அதனை வாங்கிச் செப்பனிட்டு, 2016-இல் நினைவில்லமாகத் திறந்தது. அதே 2016-இல் தேவராஜா சந்தைக் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. புகழ்பெற்ற இடங்களுக்கே இந்நிலை என்றால், பெயரில்லாத வீடுகளின் கதி என்ன? ஆண்டில் சில மாதம் விருந்தினர் தங்கிக் கொடுக்கும் வாடகை, ஒரு கூரை நிற்பதற்குத் துணையாகலாம் அன்றோ?

இனி, உறவினர்க்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்யும் முறைகளைக் காண்போம்.

முதலாவது, காலம். தசராவின் பத்து நாளும் அரண்மனை மாலைதோறும் ஏறத்தாழ ஒரு இலட்சம் விளக்குகளால் ஒளிர்கிறது. பொன் அம்பாரி சுமந்த யானை ஊர்வலம் விசயதசமி அன்று மட்டுமே நிகழும். அது அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் செல்லும். நம் வன்னி மரமே அங்கே பன்னி ஆயிற்று. எல்லோரும் அந்த இறுதி நாளுக்கே வருவதால் இடமும் இராது, வாடகையும் ஏறும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வந்து செல்லுமாறு சொல்லுங்கள். ஊர்வலமே காண வேண்டும் என்பார்க்குப் பல மாதம் முன்னரே அறை உறுதி செய்யுங்கள். பிற காலங்களில் வருவோர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துக்கொண்டால், அன்று மாலையும் அரண்மனை விளக்கொளியைக் காணலாம்.

இரண்டாவது, வழி. சென்னையிலிருந்து வருவோர்க்கு 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் உட்படப் பல தொடர்வண்டிகள் உள்ளன. நீலகிரி வழியாகக் காரில் வருவோர் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும் என்பதை மறத்தல் கூடாது. சத்தியமங்கலத்திலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் திம்பம் சாலையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. இல்ல விடுதியில் இரவு முழுதும் கதவு திறந்து வைக்கும் ஆள் இல்லை. அங்கே ஒரு குடும்பம் உறங்குகிறது. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருமாறு திட்டமிடுதல் நன்று.

மூன்றாவது, இடம். அரண்மனைக்கும் சந்தைக்கும் அருகிருக்க விரும்புவோர்க்கு இலட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம் பக்கம் ஏற்றது. இரயில் நிலையம் அண்மையில் வேண்டுவோர்க்கு யாதவகிரி. சில வாரங்கள் தங்குவோர்க்குக் கோகுலம். உலகெங்குமிருந்து யோகம் பயில வருவோர்க்கு மாடியறை விட்டுப் பழகிய வீடுகள் அங்கே மிகுதி.

நான்காவது, முன்னரே கேட்டறிய வேண்டியவை. வீட்டுக்காரர் அவ்வீட்டிலேயே வாழ்கின்றாரா? நடுவண் அரசின் சுற்றுலாத் துறைத் திட்டப்படி, குடும்பம் உடன் வாழ வேண்டும். விடும் அறைகள் ஒன்று முதல் ஆறு வரையே இருக்க வேண்டும். தங்கம், வெள்ளி என இருவகைத் தரமும் அத்திட்டத்தில் உண்டு. பலகை மட்டும் மாட்டிக்கொண்டு ஆளில்லாது இயங்கும் கட்டடம் இல்ல விடுதி ஆகாது. முழங்கால் வலி உடைய பெரியோர்க்குத் தரைத்தள அறை உண்டா? மேலைநாட்டு முறைக் கழிப்பறை உண்டா? வெந்நீர் எந்நேரம் வரும்? சமையல் சைவமா? காலை உணவு எத்தனை மணிக்கு? வர இயலாது போனால் முன்பணம் திரும்புமா? இவற்றை வெட்கமின்றிக் கேளுங்கள். கேட்பதனால் எவரும் மனம் வருந்தார். வந்த பின் முணுமுணுப்பதே வருத்தம் தரும். சிங்கப்பூர், மலேசிய உறவினர் வருவதாயின் கடவுச்சீட்டை ஆயத்தமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அயல்நாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

ஐந்தாவது, நாட்களைப் பங்கிடும் முறை. வந்த நாள் ஓய்வு. மாலையில் தேவராஜா சந்தை. மைசூரு மல்லிகையும் வெற்றிலையும் நஞ்சன்கூடு வாழைப்பழமும் புவிசார் குறியீடு பெற்றவை. அம்மூன்றையும் வாங்கி வந்து வீட்டு அம்மையாரிடம் கொடுத்தால், நட்பு அன்றே தொடங்கும். மறுநாள் காலை அரண்மனை. பிற்பகல் நாராயணன் இல்லம். மூன்றாம் நாள் விடியலில் சாமுண்டி மலை. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏற இயலாதோர் பேருந்தில் சென்று, 1659-இல் தொட்ட தேவராச உடையார் காலத்தில் ஒரே கல்லில் செதுக்கிய நந்தியையும் கண்டு வரலாம். இன்னும் ஒரு நாள் இருப்பின் சோமநாதபுரம். 2023-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அக்கோயில் ஹொய்சளர் கட்டியது. அவர்கள் நம் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரையும் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள் என்று கூறினால், திருச்சி உறவினர் மகிழ்வர். இதற்கு மேல் அடுக்க வேண்டா. திண்ணையில் அமர்ந்து பேசவும் நேரம் வேண்டும்.

ஆறாவது, ஒழுகும் முறை. செருப்பை வாயிலில் விடுதல், பூசையறைப் பக்கம் குரல் தாழ்த்துதல், உணவு வேண்டாத வேளையை முன்னரே சொல்லுதல், புறப்படும்போது முதியோரிடம் விடைபெறுதல் ஆகியவை நம் வீடுகளில் நாம் எதிர்பார்ப்பனவே. "நமஸ்கார", "பன்னி", "சாகு" என்னும் மூன்று சொற்களை உறவினர்க்குக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். போதும் என்று பொருள்படும் "சாகு" தெரியாவிட்டால் இலையில் ரொட்டி விழுந்துகொண்டே இருக்கும்!

இவ்வளவு செய்த பின்னும் நம் கடமை தீர்ந்ததாக எண்ணற்க. உறங்கும் இடம் வேறாயினும் ஒரு வேளை உணவாவது நம் வீட்டில் அமைய வேண்டும். அன்று அந்த வீட்டாரையும் சேர்த்து அழையுங்கள். எங்கள் அத்தையின் பொருட்டு அவ்வாறு அழைத்தோம். இன்று அத்தை வராத ஆண்டிலும் அவர்கள் பொங்கலுக்கு வருகின்றனர். நாங்கள் யுகாதிக்குச் செல்கின்றோம்.

முடிவாக ஒன்று. 1891-இல் இங்கே தோன்றிய கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தார். நூலகர் ஆர். சாமசாத்திரியார் அதனை 1905-இல் ஆராய்ந்து, மறைந்துபோனதாக உலகம் கருதிய கௌடலியரின் அருத்தசாத்திரம் அதுவே என்று கண்டார், 1909-இல் பதிப்பித்தார். கொணர்ந்தவர் நம் ஊரார். பேணிப் படித்தவர் இவ்வூரார். இருவருள் ஒருவர் இல்லையேல் அச்சுவடி இருளிலேயே கிடந்திருக்கும்.

நாமும் நம் பெற்றோரும் ஒருநாள் இவ்வூருக்கு விருந்தினராய் வந்தவர்களே. எவரோ ஒருவர் நமக்கு அறை விட்டார். "ஊட்ட ஆயிதா" என்று கேட்டார். இன்று நம் உறவினரை அழைத்து வந்து, இவ்வூரார் வீட்டு வாயிலில் நிறுத்தி, இருவரையும் ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்யும் நிலைக்கு உயர்ந்துள்ளோம். அப்பணியைப் பணம் கொடுக்கும் பணியாக மட்டும் செய்யாது, உறவு கோக்கும் பணியாகச் செய்வோமாக. இவ்வாண்டுத் தசராவுக்குத் தொலைபேசி ஒலிக்கும்போது, "இடம் இல்லையே" என்று நம் குரல் தயங்க வேண்டா. "வாருங்கள், ஒரு நல்ல வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம்" என்று வாய் நிறையச் சொல்வோம்.

வாழ்க நம் சங்கம்! வாழ்க நமக்கு வாழ்வளித்த மைசூரு!