படம் ஓடவில்லையா? அழித்துவிடாதீர்கள்!

(கிள்ளானில் நடந்த குடும்பச் சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கறிஞர் ஏன் கணினியைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். அவர்கள் நெடுங்காலம் குடியிருந்த வீட்டை இடிக்க வந்தவர்கள், மாற்று வீடு தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். மகன் அதைக் கைப்பேசியில் பதிவு செய்துவிட்டான். கைப்பேசியில் குரல் தெளிவாகக் கேட்டது. கணினியில் போட்டால் படம் மட்டும் ஓடியது, சத்தம் இல்லை. தெரிந்த பையன் ஒருவன் அந்தக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தான். பழையது கெட்டுவிட்டது என்று நினைத்து மூலத்தை அழித்தும் விட்டான். என்னிடம் வந்த பதிவில் அந்த மனிதரின் வாய் அசைகிறது, வாக்குறுதி கேட்கவில்லை!

மூலக் கோப்பில் ஒரு குறையும் இருந்திருக்காது. அந்த ஒலியைப் படிக்க அந்தக் கணினிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதல் விதி இது: மூலம் கைப்பேசியில் அப்படியே இருக்கட்டும். கணினியில் ஒரு நகல், பெண்டிரைவில் ஒரு நகல் எடுங்கள். சோதனை எல்லாம் நகலில்தான்.

சத்தம் வரவில்லையா? வேறொரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் கோளாறு கணினியில் இருக்கிறது. ஒலி அடைக்கப்பட்டிருக்கிறதா, ஹெட்போன் செருகியிருக்கிறதா, சத்தம் வேறு புளூடூத் ஸ்பீக்கருக்குப் போகிறதா என்று பாருங்கள். பாட்டு கேட்கிறது, இந்தப் பதிவு மட்டும் கேட்கவில்லை என்றால் கோடெக் பிரச்சினையாக இருக்கலாம்.

கோடெக் என்றால் என்ன? வீடியோ கோப்பு ஒரு டிபன் கேரியர் மாதிரி. ஓர் அடுக்கில் படம், இன்னோர் அடுக்கில் ஒலி. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு முறையில் சுருக்கி வைத்திருப்பார்கள். அந்த முறை தெரியாத கணினியால் அந்த அடுக்கைத் திறக்க முடியாது. பழைய கைப்பேசிகளின் 3ஜிபி கோப்புகளில் ஒலி இப்படி மறைந்துபோகும். 2017க்குப் பிறகு வந்த ஐபோன்கள் எச்இவிசி முறையில் பதிவு செய்வதால், சில விண்டோஸ் கணினிகளில் சத்தம் வரும், படம் கறுப்பாக இருக்கும்.

இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. விஎல்சி என்ற இலவச மென்பொருள் பெரும்பாலான கோப்புகளை ஓட்டிவிடும். அதை வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். கோடெக் தருகிறோம் என்று திடீரென்று வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். வைரஸ் வரும்.

படம் விட்டு விட்டு ஓடினால், பெண்டிரைவிலிருந்து கணினிக்கு நகலெடுத்து ஓட்டுங்கள். கோப்பு திறக்கவே இல்லை என்றால் அதன் அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நகலெடுத்தது தவறிவிட்டது, மறுபடி எடுங்கள். அளவு இருந்தும் திறக்காவிட்டால், பதிவின் நடுவில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். எம்பி4 கோப்பின் அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படுகிறது. நிபுணர்களால் சில நேரம் அதை மீட்க முடியும். அழித்துவிட்டால் அவர்களாலும் முடியாமல் போகலாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கித் தரம் குறையும். ஆவணமாக அனுப்புங்கள். கடைகளின் சிசிடிவி பதிவு கிடைத்தால் முழுக் கோப்புறையையும் வாங்குங்கள். அதை ஓட்டும் மென்பொருளும் சில நேரம் அதற்குள்ளேயே இருக்கும். தாமதிக்காதீர்கள். இடம் நிரம்பியதும் சிசிடிவி பழைய பதிவின் மேலேயே எழுதும்.

இவ்வளவு அக்கறை எதற்கு? வழக்கறிஞர் வி.கே. லிங்கம் வீடியோவை நினைத்துப் பாருங்கள். 2001இல் எடுக்கப்பட்டது, 2007 செப்டம்பரில் வெளியானது. நீதிபதிகள் நியமனம் பற்றிய ஒரு தொலைபேசிப் பேச்சு, அதிலும் ஒரு பக்கம் மட்டும்தான் கேட்டது. அந்த ஒலி இல்லையென்றால் அதில் என்ன இருக்கிறது? வீட்டில் ஒருவர் போனில் பேசுகிறார், அவ்வளவே! அதை விசாரிக்க அமைந்த அரச விசாரணை ஆணையம் 2008இல் கூடியபோது, அந்தப் பதிவு உண்மையானதா என்பதும் அதன் முன் இருந்த கேள்வி. பதிவு செய்தவரே வந்து சாட்சி சொன்னார்.

நமக்கும் அதே கேள்விதான் வரும். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் ஆவணம் என்பதற்குள் படப்பதிவும் ஒலிப்பதிவும் அடங்கும். கணினி வழி வந்த ஆவணங்களை நீதிமன்றம் ஏற்க 90ஏ பிரிவு வழி செய்கிறது. ஆனால் மூலம் எங்கே, யார் எடுத்தது, வெட்டி ஒட்டினீர்களா என்று எதிர்த் தரப்பு கேட்கும். பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும். எடுத்தவர் பெயர், நாள், நேரம், இடம், யாரிடம் எப்போது நகல் கொடுத்தீர்கள் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் மேசை அறையில் கிடக்கும் பழைய கைப்பேசியை எடுத்துப் பாருங்கள். அதில் ஓடாத பதிவு ஏதாவது இருந்தால், அழிக்காமல் எங்களிடம் கொண்டு வாருங்கள்.