பன்னிரண்டு படங்கள்



புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவிலே தோணிகள் கரைக்குத் திரும்பும் காலை வேளை. அக்காட்சியைப் பிடித்து வைக்க இன்று கைத்தொலைபேசியே போதும். அவ்வாறிருக்க, அறுபது எழுபது ஆண்டுப் பழமை வாய்ந்த கமெராவைக் கழுத்திலே மாட்டி, பிலிமுக்கும் பணம் கொடுத்து ஒருவர் காத்து நிற்பாரானால், அது வீண் வேலை என்றே பலரும் எண்ணுவர். கருவியை அறிந்தோர் அப்படி எண்ணார்.

1901ஆம் ஆண்டிலே கொடாக் நிறுவனம் தனது பிரௌனிக் கமெராவுக்காக வெளியிட்ட 120 என்னும் பிலிம் சுருள் இன்றும் செய்யப்படுகின்றது. ஏறத்தாழ ஆறு சென்றிமீற்றர் அகலமுள்ள அச்சுருளிலே சதுரப் படங்கள் பன்னிரண்டு விழும். ஒவ்வொன்றும் 35 மில்லிமீற்றர் பிலிமின் படத்தைவிட மூன்றரை மடங்கு பரப்புடையது. வலையின் கண்ணும் முதியவர் முகத்தின் சுருக்கமும் அதிலே தெளிவாக நிற்பதற்குக் காரணம் இதுவே.

இவ்வகைக் கமெராக்களுள் புகழ் பெற்றது, ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலே 1929இல் தோன்றிய ரோலிபிளெக்ஸ். மேல் வில்லை பார்ப்பதற்கு. கீழ் வில்லை படமெடுப்பதற்கு. மேலே உள்ள கண்ணாடியில் உருவம் நேராகத் தோன்றினும் இடம் வலம் மாறி நிற்கும். வலப்புறம் செல்லும் தோணி கண்ணாடியிலே இடப்புறம் ஓடும்! பழகும் வரை நகைப்புக்கு இடமாகும். ஆனால் படமெடுப்பவர் எதிரில் நிற்பவரை உற்று நோக்காமல் தலைகுனிந்து பார்க்கிறார். கூச்சமுள்ள கிராமத்து மனிதர் முகம் அதனாலேயே இறுக்கம் தளர்கிறது.

இலங்கையில் இக்கருவியைக் கலைஞனின் கையிலே காட்டியவர் லயனல் வென்ற். 1900இல் பிறந்த அவர் சட்டம் பயின்றவர், பியானோ வாசிப்பவர், ரோலிபிளெக்ஸையும் லைக்காவையும் கையாண்டவர். 1944இல் அவர் மறைந்த பின்னர் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அவர் தம் கையால் அச்சிட்ட படங்களே. அவற்றைக் கொண்டு 1950இல் ஒரு நூல் வெளிவந்தது.

கரையோரத்தில் நெகட்டிவுக்கும் வில்லைக்கும் பகை ஈரக்காற்று. அழகிய தோலுறையிலே கமெராவைப் பூட்டி வைப்பது பெரும் பிழை. தோல் ஈரத்தை இழுக்கும், வில்லையிலே பூஞ்சணம் படரும். காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்காப் பொட்டலமும் வேண்டும். பிலிம் கழுவும் மருந்துக்கு 20 பாகை வெப்பமே பொதுவாக விதிக்கப்படுவது. நம் வீட்டு நீரோ 30 பாகையை நெருங்கும். ஆதலின் பனிக்கட்டி இட்ட தட்டிலே மருந்துப் போத்தலை நிறுத்துதல் நலம். சுண்ணாம்பு கலந்த கிணற்று நீர் பிலிமிலே வெண்புள்ளிகளை விட்டுச் செல்லும். கடைசி அலசலுக்கேனும் வடித்த நீர் தேவை.

இத்தனை சிரமம் எதற்கு? 1990 ஒக்டோபரிலே வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இப்புத்தளக் கரைக்கே வந்தன. உடன் கொண்டுவர முடிந்தவை மிகச் சில. தாய் தந்தையரின் திருமணப் படம் விட்டுவந்த வீட்டின் சுவரிலேயே நின்றுவிட்ட கதை அங்கே புதிதன்று. அத்தகைய வீட்டிலே ஒரு மூதாட்டியை வாயிற்படியின் வெளிச்சத்தில் அமர்த்தி, பன்னிரண்டில் ஒன்றை அவருக்காகச் செலவிடலாம். அச்சிட்ட படம் வீட்டாருக்கு. நெகட்டிவ், பெயரும் நாளும் எழுதிய காகித உறையிலே வேறோர் இடத்தில் இருக்கட்டும்.